படமாகாதது பாடமாகாது

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன் பின் நெடுங்காலம் சில்லறைக் கண்டுபிடிப்புகளில் பொழுதைக் கழித்துவிட்டு, கடைசியில் எங்கள் அலுவலகத்தில் வண்ணப் பென்சிலைக் கண்டுபிடித்தது. இதைச் சொல்வதில் எனக்குத் தற்பெருமை எதுவும் இல்லை. அந்த மகத்தான தருணத்தில் பயிற்சிப் பிரிவின் பொறுப்பாளராக நான் இருந்தது தற்செயல்தான். சரித்திரம் நடக்கும்போது யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது.

எங்களுடையது ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை. நகரத்தில் யாருக்காவது மூச்சு முட்டினால், மண்டை உடைந்தால், மயக்கம் வந்தால் எங்களைத்தான் தொலைபேசியில் கூப்பிட வேண்டும். நீளமான கூடம், இடுப்பளவு தடுப்புப் பலகைகளுக்கு நடுவே மேசைகள், ஒவ்வொரு மேசையிலும் கணினி, ஹெட்ஃபோன், ஆறிப்போன தேநீர். ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில் வண்டிகள் நிற்கும். கூப்பிட்டவரிடம் நாலு கேள்வி கேட்டு, செய்ய வேண்டியதைச் சொல்லி, வண்டியை அனுப்புவது பணியாளர்களின் வேலை. இதற்கென்று ஒரு கையேடு இருந்தது. வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து, ஒன்றன் கீழ் ஒன்றாக வாக்கியங்கள். அதைப் படித்தார்கள், வேலை பார்த்தார்கள், வண்டிகள் போயின, வந்தன. இப்படி ஒரு இருண்ட காலம்.

புதிய இயக்குநர் வந்துதான் வெளிச்சம் வந்தது. அவர் அதற்கு முன் கிடங்கு வாரியத்தில் இருந்தவர். பொறுப்பேற்ற கையோடு கடற்கரை ஓட்டல் ஒன்றில் நடந்த 'தலைமைப் பண்பு முகாம்' போய்வந்தார். திரும்பி வந்தபோது உடம்பு கறுத்திருந்தது, உள்ளம் பல நிறமாகியிருந்தது.

எங்களையெல்லாம் கூட்டிவைத்து, "கறுப்பு எழுத்து மூளையோட கதவைத் தட்டுது. வண்ணமும் படமும் கதவை உடைச்சுக்கிட்டு உள்ளே போகுது" என்றார். எல்லோரும் கைதட்டினோம். உடைந்த கதவை அப்புறம் யார் சரி செய்வது என்று யாரும் கேட்கவில்லை. அதுதான் நல்ல நிர்வாகத்தின் அடையாளம்.

அந்த வாரமே நினைவாற்றல் நிபுணர் வந்து சேர்ந்தார். வந்து சேர்ந்தார் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். முதலில் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்விட்டார். நான் போய் அழைத்து வந்தேன். வந்தவர் கண்ணாடியைக் காரிலும், கைப்பையைப் பக்கத்துக் கட்டடத்திலும் விட்டிருந்தார். பெரிய விஷயங்களை நினைவில் வைப்பவர்கள் சின்ன விஷயங்களை வழியெல்லாம் இறைத்துக்கொண்டேதான் போக முடியும்.

யாருடைய பெயரையும் தான் மறப்பதே இல்லை என்றார் நிபுணர். ரகசியம் இதுதான்: பெயரைக் கேட்டுக்கொள்ளவே மாட்டார். ஆளைப் பார்ப்பார், ஒரு படத்தைப் பொருத்துவார், அவ்வளவுதான். என்னை ஏற இறங்கப் பார்த்து "கத்தரிக்காய்" என்றார். எங்கள் பணியாளர்களிலேயே அனுபவம் மிக்க அம்மணியை, அவர் ஒல்லியாக உயரமாக இருந்ததால், "குடை" என்றார். அதன் பிறகு அலுவலகத்தில் அவரை வேறு பெயர் சொல்லி யாரும் அழைக்கவில்லை. தொடக்க விழாவில் நிபுணர் ஒலிபெருக்கியைப் பிடித்து, "மேடையில் வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய ஒட்டகம் அவர்களே" என்று தொடங்கியபோது மட்டும் கூடத்தில் ஒரு நிசப்தம் விழுந்தது. இயக்குநரின் கழுத்து சற்று நீளம்தான். நான் நன்றியுரையில் ஒட்டகம் பொறுமைக்கும் தொலைநோக்குக்கும் சின்னம் என்று விளக்கினேன். அதற்கடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் பரிசீலனைக்குப் போனதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

நிபுணரின் தத்துவம் மூன்றே சொல்லில் அடங்கும் என்று நிபுணரே சொல்லி, இரண்டு சொல்லைத்தான் சொன்னார்: "படமாகாதது பாடமாகாது." ஒரு துணைக்கால் ஏறினால் படம் பாடமாகிவிடுகிறது என்பதில் எத்தனை ஆழம். மூன்றாவது சொல் என்னவென்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்த யாருக்கும் மனம் வரவில்லை.

கையேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒவ்வொரு நோய்க்கும் ஒரு படம், ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நிறம். தீக்காயத்துக்குத் தொட்டியில் குளிக்கும் ஆரஞ்சு வாத்து. தொண்டையில் அடைப்புக்குச் சாவியை விழுங்கிய பச்சைக் கிளி. மாரடைப்புக்கு, மனிதன் மார்பில் உட்கார்ந்திருக்கும் ஊதா நிற யானை. தலையில் மஞ்சள் தொப்பி. யானையின் நாலு காலுக்கும் நாலு நிறம். நாலு நிறமும் நாலு கேள்வி. தும்பிக்கை என்றால் கொடுக்க வேண்டிய மாத்திரை. தொப்பி எதற்கு என்று கேட்டதற்கு, "தொப்பி இல்லாட்டி அது சாதாரண யானையாகிடும்" என்றார் நிபுணர்.

வேலை மளமளவென்று நடந்தது. ஒரே ஒரு இடத்தில்தான் தடங்கல். அதையும் உண்டாக்கியவர் குடைதான்.

"சார், விலாசத்துக்கு என்ன படம்?" என்று கேட்டார்.

பழைய கையேட்டின் முதல் வரியே 'விலாசத்தைக் கேட்கவும்' என்பதுதான். நிபுணர் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். சில சமயம் தூங்குவது போலவும் இருந்தது. பிறகு, "விலாசம்ங்கறது வெறும் எண்ணு, வெறும் எழுத்து. அதுல உணர்ச்சி இல்லை. உணர்ச்சி இல்லாதது மனசுல ஒட்டாது" என்றார்.

"ஒட்ட வேண்டாம் சார். கேட்டா போதும்."

இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் குடையின் பெயருக்கு எதிரே 'எதிர்மறை மனப்பான்மை' என்று குறித்துக்கொண்டேன். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு விலாசம் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் படம் வரைவது சாத்தியமில்லை, ஆகவே விலாசம் 'இரண்டாம் கட்டத்தில்' எடுத்துக்கொள்ளப்படும் என்று முடிவாயிற்று. இரண்டாம் கட்டம் எப்போது என்பது முதல் கட்டத்தில் முடிவு செய்யப்படவில்லை.

அடுத்தது சுவர்கள். வெள்ளையடித்த கூடம் முழுக்கப் படங்கள் எழுந்தன. வாத்தும் கிளியும், மயக்கத்துக்கான சாய்ந்த விளக்குக் கம்பமுமாக, தரையிலிருந்து கூரை வரை. நடுச்சுவரில் யானை. அதன் கீழே இரண்டடி உயர எழுத்தில் 'மார்பு வழி' என்று ஓவியர் எழுதியிருந்தார். அப்படித்தான் எழுதியிருந்தது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிய வந்தது. அந்தக் கூடத்தில் அப்போது யாரும் எழுத்தைப் படிப்பதில்லை. எவ்வளவு முன்னேறியிருந்தோம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பிறகு பயிற்சி. காலையிலிருந்து மாலை வரை எல்லோரும் வண்ணம் தீட்டினார்கள். வளர்ந்த ஆண்களும் பெண்களும் நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, வாத்தின் அலகுக்கு வெளியே நிறம் வழியாமல் தீட்டுவதைப் பார்க்கக் கண்கொள்ளாக் காட்சியாக இருந்தது. இடையிடையே தொலைபேசி அழைப்புகள் வந்து இடையூறு செய்தன. நகரத்து மக்களுக்குப் பயிற்சியின் அருமை தெரிவதில்லை. பலமாகச் சீவியதில் பென்சில் முனை உடைந்தால் விசாரணை நடந்தது. யானை ஊதாவா, கத்தரிப்பூ நிறமா என்ற கொள்கைத் தகராறில் இரண்டு பணியாளர்கள் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர், நிபுணர் எனக்கு வைத்த பெயரைக் காட்டி, கத்தரிப்பூ நிறமே 'அதிகாரபூர்வ நிறம்' என்று வாதிட்டார். எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். ஆனாலும் ஊதாவுக்கே தீர்ப்பளித்தேன். நடுநிலை என்று ஒன்று இருக்கிறது.

தேர்வும் வைத்தோம். 'யானையின் இடது பின்னங்கால் என்ன நிறம்?' 'கிளி எதை விழுங்கியது?' 'வாத்து எதில் குளிக்கிறது?' எல்லோரும் முழு மதிப்பெண். துறையின் வரலாற்றிலேயே இப்படி நடந்ததில்லை. குடை மட்டும் விடையின் கீழே, 'பச்சை. ஆனால் பச்சை என்றால் என்ன கேள்வி என்பது மறந்துவிட்டது' என்று எழுதியிருந்தார். நிறத்தைத்தான் கேட்டிருந்தோம், கேள்வியைக் கேட்கவில்லை. ஆகவே அவருக்கும் முழு மதிப்பெண் போட்டேன். முடிவுகளை இயக்குநர் மேலிடத்துக்கு அனுப்பினார். மேலிடம் வாழ்த்து அனுப்பியது. மற்ற ஊர்களிலிருந்து அதிகாரிகள் வந்து சுவரின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

எழுத்துத் தேர்வுக்குப் பின் 'நேரடி மதிப்பீடு'. உண்மையான அழைப்பைப் பணியாளர் எடுக்கும்போது நான் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இன்னொரு ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே மதிப்பெண் போட வேண்டும். நிறத்தைச் சொன்னால் மதிப்பெண். படத்தை நினைவுபடுத்தினால் மதிப்பெண். 'பழைய பழக்கம்' தலைகாட்டினால் கழித்தல். பழைய பழக்கம் என்றால், எடுத்த எடுப்பில் விலாசம் கேட்பது. கழித்தல் சேர்ந்துவிட்டால் ஊரின் மறுகோடியில் இருக்கும் கிடங்குக்கு மாற்றல். குடைக்கு ஏற்கெனவே நிறையக் கழிந்திருந்தது. இன்னும் ஒன்று விழுந்தால் கிடங்குதான் என்று அவருக்கும் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். பயம் நினைவாற்றலைக் கூர்மையாக்கும் என்று நிபுணர் சொல்லியிருந்தார்.

இப்போது என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அச்சகத்தில் பிழை திருத்துபவர். வாழ்நாள் முழுவதும் கறுப்பு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்ததும் அவர்தான். அண்ணி வக்கீல். எதையும் ஒரு தடவைதான் சொல்வார். இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தால் அது வழக்காகிவிடும்.

அன்று காலை நான் குடையின் பின்னால் உட்கார்ந்திருந்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் பொத்தானை அழுத்தினார்.

"என் வீட்டுக்காரருக்கு மார்பு வலிக்குது. வியர்த்து ஊத்துது. இடது கையைத் தூக்க முடியலைங்கறார். உடனே வண்டி அனுப்புங்க" என்றது ஒரு பெண் குரல்.

குரல் எனக்குத் தெரியும். தினமும் காலையில் தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொல்லும் குரல். என் அண்ணி.

நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேன். ஆனால் மதிப்பீட்டாளர் உறவு பாராட்டக் கூடாது. மதிப்பெண் தாளை முழங்காலில் நேராக வைத்துக்கொண்டேன்.

"எங்கேருந்து பேச…" என்று குடை ஆரம்பித்தார்.

பென்சிலைக் கழித்தல் கட்டத்தின் மேல் வைத்தேன், அவ்வளவுதான். கணினித் திரையில் என் கை நிழலாகத் தெரிந்திருக்க வேண்டும். அவர் வாக்கியத்தை அங்கேயே விழுங்கிவிட்டு, நடுச்சுவரைப் பார்த்தார்.

"அம்மா, யானை உட்கார்ந்திருக்கற மாதிரி வலிக்குதா?"

"என்ன உட்கார்ந்திருக்கற மாதிரி?"

"யானை, அம்மா. ஊதா யானை."

அண்ணி ஒரு கணம் பேசவில்லை. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சாட்சி உளறும்போது அவர் இப்படித்தான் நிறுத்துவார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். "சரி, யானைன்னே வெச்சுக்கோங்க. வண்டி எப்ப வரும்?"

"முன்னங்கால் சிவப்பு. சிவப்புன்னா… வலி எப்ப ஆரம்பிச்சது? இல்லை, அது நீலம். சிவப்புன்னா அவருக்குச் சர்க்கரை இருக்கா? பின்னங்கால் பச்சை. பச்சைன்னா…"

குடையின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. பன்னிரண்டு வருஷம் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, எத்தனையோ பேரைப் பேச்சாலேயே பிடித்து நிறுத்திய மனுஷி. பச்சை என்றால் என்னவென்று தெரியாமல் சுவரில் இருந்த காலை முறைத்துக்கொண்டிருந்தார். சொல்லித்தர எனக்கும் ஆசைதான். எனக்கும் மறந்துவிட்டது.

அண்ணியின் குரலுக்குப் பின்னால் அண்ணன் முனகுவது கேட்டது. முனகல்தான். ஆனால் அது அண்ணனுடையது. சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுத்துக்கொண்டு, தானும் தூங்காமல் இப்படித்தான் முனகிக்கொண்டிருப்பார்.

நான் எழுந்து குடையின் கையிலிருந்து அழைப்பை வாங்கிக்கொண்டேன். விதிப்படி, அந்தக் கணத்திலிருந்து அழைப்பு என்னுடையது.

"அண்ணி, நான்தான் பேசறேன்."

"நீயா?" அந்த ஒரு சொல்லில் அவர் குரலே இறங்கிவிட்டது. அப்படி ஒரு நிம்மதி. "நல்லவேளை நீ இருக்கே. சீக்கிரம் அனுப்பு. அவர் தரையில உட்கார்ந்துட்டார்."

"பதறாதீங்க, அண்ணி. பதற்றத்தை இளஞ்சிவப்பு மேகமா நினைச்சுக்கோங்க. அது மெதுவா விலகிப் போகுது."

"சரிப்பா. வண்டி?"

"எல்லாம் முறைப்படி நடக்குது."

"சரி. நான் வாசல்ல நிக்கறேன்" என்று சொல்லி அண்ணி வைத்துவிட்டார்.

நான் ஹெட்ஃபோனைக் கழற்றினேன். ஜன்னலுக்கு வெளியே மூன்று வண்டிகள், கழுவித் துடைத்து, வரிசையாக நின்றன. ஒரு ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

"உங்க அண்ணியா, சார்?" என்று குடை கேட்டார்.

"ஆமாம்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதையோ நான் சொல்வேன் என்று காத்திருப்பது போல இருந்தது. அவர் விரல்கள் கணினியின் விசைகள் மேல், அடிக்கத் தயாராக நின்றன. நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன். யானையைத்தான் முதலிலேயே சரியாகச் சொல்லிவிட்டாரே.

"படத்துக்கு முழு மதிப்பெண். நிறத்துல கொஞ்சம் குழம்பிட்டீங்க" என்றேன்.

இதற்காக என்னைக் கல்நெஞ்சன் என்று சிலர் பிறகு சொன்னார்கள். அவர்களுக்கு அறிவியல் தெரியாது. வலுவான படம் ஒன்று மனதில் பதிந்துவிட்டால் வேறு எதற்கும் அங்கே இடமிருக்காது என்று நிபுணரே தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அப்போது என் மனம் முழுக்க யானை நின்றது. தொப்பியின் மடிப்புகூடத் தெரிந்தது. முறை இவ்வளவு முழுமையாக ஓர் ஆளிடம் வெற்றி பெற்றதற்கு வேறு உதாரணம் கிடையாது.

அந்த நேரம் பார்த்து இயக்குநரின் அறையிலிருந்து அழைப்பு வந்தது. மேலிடத்திலிருந்து பார்வையாளர்கள் வந்திருந்தார்கள். சுவரைச் சுற்றிக் காட்ட வேண்டும். கைபேசியைக் கூடத்துக்கு வெளியே பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது விதி. சுற்றிக் காட்டிவிட்டு வந்து பெட்டியைத் திறந்தபோது, அண்ணியிடமிருந்து எடுக்கப்படாத அழைப்புகள் கொத்தாக இருந்தன.

அண்ணி வாசலில் நின்றிருக்கிறார். தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். கொழுந்தன் சொல்லிவிட்டான், வந்துவிடும் என்று நம்பி நின்றிருக்கிறார். எதிர்க்கடை ரொட்டிக்காரர் தன் வண்டியில் தட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தவர், "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டிருக்கிறார். அப்போதும் அண்ணி, வண்டி வருது, வருது என்றுதான் சொல்லியிருக்கிறார். அண்ணனின் உதடு நீலமாவதைப் பார்த்த பிறகுதான் ரொட்டிக்காரர் தட்டுகளைத் தெருவில் இறக்கி வைத்துவிட்டு, அவரைத் தூக்கி வண்டியில் கிடத்தியிருக்கிறார். அந்த வண்டியில் எந்தப் படமும் கிடையாது. 'ரொட்டி' என்று மட்டும் எழுதியிருக்கும்.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் எதைக் கேட்டாலும் 'பிழைத்துக்கொண்டார்' என்ற ஒரு சொல்லோடு திருப்திப்பட்டுவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். மருத்துவர் அப்படி இல்லை. இதயத்தின் ஒரு பகுதி செத்துவிட்டது என்றார். கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருந்தால் அது உயிரோடு இருந்திருக்கும் என்றார். இனிமேல் அச்சகத்துக்குப் போக முடியாது. மாடி ஏற முடியாது. பத்தடி நடந்தால் உட்கார வேண்டும்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சும்மா போகவில்லை. நடந்ததை அறிவியல்பூர்வமாக விளக்குவதற்காக எங்கள் 'வண்ணச் சித்திரக் கையேட்டை' எடுத்துப் போனேன். அண்ணி என்னைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து நடைவழிக்குப் போய்விட்டார். அண்ணன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் ஊசிக்குழாய். முகம் பாதியாகச் சுருங்கியிருந்தது.

நான் யானைப் பக்கத்தைத் திறந்து அவர் மடியில் வைத்து, ஒவ்வொரு காலாக விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். என் பள்ளிக்கூடப் பாடத்தையெல்லாம் இப்படித்தான் கேட்பார். பிறகு சட்டைப் பைக்குக் கையைக் கொண்டு போனார். ஆஸ்பத்திரிச் சட்டையில் பை இல்லை. என் பையிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டார். யானையின் கீழே, சுவரில் இருந்தபடியே 'மார்பு வழி' என்று இருந்ததில் ஓர் எழுத்தை அடித்து, ஓரத்தில் 'லி' என்று எழுதினார்.

"வலிக்கு இந்த 'லி'தான்டா" என்றார். "பெருசா எழுதியிருக்கீங்க. நாலு பேர் பார்ப்பாங்க."

அவ்வளவுதான் சொன்னார். வேறு குறை எதுவும் அவர் சொல்லவில்லை. நான் அன்று இரவு சாப்பிடவில்லை. பசி இல்லை என்பதுதான் காரணம். வேறு காரணம் எதையும் நான் பதிவு செய்ய விரும்பவில்லை.

அண்ணி புகார் கொடுத்தார். விசாரணைக் குழு அமைந்தது. பாரபட்சம் இருக்கக் கூடாது என்பதற்காக ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவரைத் தலைவராகப் போட்டார்கள். மற்ற இரண்டு உறுப்பினர்கள் இயக்குநரும் நிபுணரும். முறையைப் பற்றி விசாரிக்க, முறையைக் கொண்டுவந்தவரையும் உண்டாக்கியவரையும்விடத் தகுதியானவர்கள் கிடைப்பார்களா?

ஒலிப்பதிவைப் போட்டார்கள். சின்ன அறை, நீள மேசை, கண்ணாடிக் குவளைகளில் தண்ணீர். அண்ணி மேசையின் மறுபக்கம் கறுப்புக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். அறையில் நிறமில்லாத ஒரே பொருள் அவர்தான். சுவரோரம் குடை, சாட்சியாக.

'யானை, அம்மா. ஊதா யானை' என்ற இடம் வந்ததும் நிபுணர் ஒலிப்பதிவை நிறுத்தச் சொல்லி, "பாருங்க, ஒரு நொடி தயங்கலை. நிறம், விலங்கு, ரெண்டும் சரி" என்று மகிழ்ந்தார். தலைவரும் தலையாட்டினார். அழைத்தவரின் 'ஒத்துழையாமை' பற்றி இயக்குநர் வருத்தப்பட்டார். யானையின் நிறத்தை அவர் உறுதி செய்யவில்லை. வலியின் படத்தை மனக்கண்ணில் கொண்டுவர எந்த முயற்சியும் எடுக்கவில்லை. 'வண்டி, வண்டி' என்று ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பிறகு தலைவர் முடிவுகளை வாசித்தார். ஒன்று, முறையில் குறை இல்லை. இரண்டு, பணியாளர் படத்தைச் சரியாக நினைவுகூர்ந்தார். நிறங்களில் அவருக்கு மறுபயிற்சி தேவை. மூன்று, பயிற்சிப் பொறுப்பாளர் நெருக்கடியான குடும்பச் சூழலிலும் முறையிலிருந்து இம்மியும் பிறழவில்லை. அவருடைய பதவி உயர்வைக் குழு பரிந்துரைக்கிறது. நான்கு, வண்டி அனுப்பப்படாததற்குக் காரணம், அழைத்தவர் விலாசம் காட்டாத கைபேசியிலிருந்து பேசியதும், தம் விலாசத்தைத் தெரிவிக்காமலே இணைப்பைத் துண்டித்ததும். விலாசம் தெரியாத வீட்டுக்கு உலகில் எந்த நிர்வாகமும் வண்டி அனுப்ப முடியாது.

இந்தக் கடைசி வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதை எழுதிக் கொடுத்தவனே நான்தான்.

தலைவர் காகிதங்களை அடுக்கி மூடப் போனார். அண்ணி எழுந்து நின்றார்.

"ஒரே ஒரு கேள்வி கேட்கணும். இவர்கிட்ட" என்று என்னைக் காட்டினார்.

தலைவர் சரி என்றார்.

அண்ணி என் பக்கம் திரும்பினார். அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து என்னை 'நீ' என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக மாற்றினார்.

"நீங்க எங்க குடியிருக்கீங்க?"

இயக்குநர் குறுக்கிட்டு, இது தனிப்பட்ட கேள்வி, விசாரணைக்குச் சம்பந்தமில்லாதது என்றார். நிபுணர், இதற்கு மனதில் படம் எதுவும் எழவில்லை என்றார். தலைவருக்கு வீட்டுக்குப் போக அவசரம். பதில் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று கையசைத்தார்.

"மாடியில" என்றேன்.

"எந்த வீட்டு மாடியில?"

சுவரோரம் குடை தலையைக் குனிந்துகொண்டார். நான் தண்ணீர்க் குவளையைப் பார்த்தேன். இந்தக் கேள்விக்கு நிறம் கிடையாது, விலங்கு கிடையாது, பயிற்சியும் கிடையாது. ஆனாலும் பதில் எனக்கு நன்றாகத் தெரியும். அன்று காலையிலும் தெரியும்.

"உங்க வீட்டு மாடியிலதான், அண்ணி."